மஞ்சள் பலூனுக்கு வாசலருகே இடம் கொடுங்கள்

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட், ஃபிஷ் என்ற ராக் இசைக்குழுக்கள், அவற்றின் வழிவந்த குழுக்கள் ஆகியோரின் சுற்றுப்பயணங்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கும், அரங்க நிர்வாகிகளுக்கும், அந்தந்த ஊர்க் காவல்துறை அதிகாரிகளுக்கும்:

வணக்கம்.

கச்சேரி முடிந்து அரங்கில் விளக்குகள் எரிந்த பிறகு, கடைசி வண்டி பார்க்கிங் திடலை விட்டு வெளியேற இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் திடலில் பரவும் போதையைப் பற்றித்தான் இந்த மடல். போதையை விட்ட ரசிகர்கள் கச்சேரியில் கூடும் மஞ்சள் பலூன் மேசைகளிலும் முதலுதவிக் கூடாரங்களிலும் வேலை செய்யும் தன்னார்வலர்கள் நாங்கள். உள்ளே இருக்கும்வரை ஒரு பிள்ளைக்கு இருக்கை எண் உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, முதலுதவி அறை உண்டு, விழுந்தால் ஓடிவர ஆள் உண்டு. வாசலைத் தாண்டியதும் இவையெல்லாம் நின்றுவிடுகின்றன. குழு பேருந்தில் ஏறிவிடுகிறது, ஊழியர்கள் இருக்கைகளுக்கு இடையே குப்பை கூட்டுகிறார்கள், காவலர்கள் போக்குவரத்தைப் பார்க்கிறார்கள். திடல் மட்டும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அங்கே போதை வாயு விற்கச் சிலிண்டரோடு காத்திருப்பவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்த இசையின் மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிக்காத குழு கிரேட்ஃபுல் டெட். 1984 முதல், ஒலிப்பதிவு செய்ய வருவோருக்கென அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. நேற்று கேட்டது இன்று திரும்பி வராது என்றால், நாளைக்கும் போகவேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பத்தொன்பது வயதில் வரும் அந்த ஆசையை நோய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஊர் ஊராகப் போகும் அந்தக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவனுக்குச் சாப்பாடு போடும் பழக்கம் இருக்கிறது. டிக்கெட் இல்லாமல் ஒரு விரலை உயர்த்தியபடி நிற்பவளின் கையில் சும்மாவே ஒரு டிக்கெட்டை வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் இருக்கிறது. வீட்டில் கிடைக்காத ஒட்டுறவை அங்கே கண்டு ஒட்டிக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். "அந்தக் கச்சேரிக்கே போகாதே" என்ற அறிவுரை எந்த வீட்டிலும் பலிக்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்தக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. குழு 1965-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் உருவானது. மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருளான எல்.எஸ்.டி. அப்போது அந்த மாநிலத்தில் சட்டவிரோதம் ஆகவில்லை. 1966 அக்டோபரில்தான் தடை வந்தது. 1967-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்கு நாடெங்கிலும் இருந்து இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். குழுவினரும் அங்கே 710 ஆஷ்பரி தெருவில் குடியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூன் 7 அன்று டாக்டர் டேவிட் ஸ்மித் அங்கே இலவச மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். முதலில் வந்தவர்களில் பலர் எல்.எஸ்.டி. எடுத்துப் பயந்து நடுங்கியவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து இதமாகப் பேசினாலே அவர்கள் தேறிவிடுவார்கள். விரைவிலேயே தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமைன் ஊசி போட்டுக்கொண்டவர்கள் வரத்தொடங்கினார்கள். அதன் பின்னால் ஹெராயின் வந்தது. நாலு நாள் தூங்காமல் பரபரத்த உடம்பை அடக்க இன்னொன்று தேவைப்பட்டது, அந்த இன்னொன்று பிடித்துக்கொண்டது. இன்றைக்குத் திடலில் நடப்பதும் இதே வரிசைதான், பொருள்களின் பெயர்தான் மாறியிருக்கிறது.

மேடையில் இருந்தவர்களும் தப்பவில்லை. பிக்பென் என்று அழைக்கப்பட்ட ரான் மெக்கெர்னன் குடியால் உடல் கெட்டு 1973-இல் 27 வயதில் இறந்தார். பிரெண்ட் மிட்லண்ட் 1990 ஜூலை 26 அன்று மார்ஃபினும் கொக்கெயினும் கலந்து உயிரிழந்தார். ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்ட் 9 அன்று, 53 வயதில், போதை மீட்பு மையத்தின் படுக்கையிலேயே இதயம் நின்று போனார். பணமும் மருத்துவரும் கூடவே இருந்தவர்களையே வீழ்த்திய ஒன்றை, காரில் படுத்துத் தூங்கும் பிள்ளை தன் மன உறுதியால் வெல்லட்டும் என்று விட்டுவிடுவது நியாயமில்லை.

சுற்றுப்பயணத்தின் கணக்கு எப்படிப் பிள்ளையை நெருக்குகிறது என்பதை உங்கள் அட்டவணை தயாரிப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1990 வசந்தகாலச் சுற்றைப் பாருங்கள். மார்ச் 14 அன்று மேரிலாந்தின் லேண்டோவரில் தொடங்கி, ஹார்ட்ஃபோர்ட், கனடாவின் ஹாமில்டன், ஆல்பனி, நியூயார்க்கின் நாசோ கொலிசியம் என்று சுற்றி, ஏப்ரல் 3 அன்று அட்லாண்டாவில் முடிந்தது. 21 நாளில் 16 கச்சேரி. மார்ச் 30 இரவு நாசோவில் இருந்தவன் ஏப்ரல் 1 மாலை அட்லாண்டாவில் இருக்கவேண்டும், நடுவில் ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். குழுவுக்கு ஓட்டுநரும் விடுதியும் உண்டு. பின்தொடர்பவன் பழைய வேனில் நாலு பேரோடு இரவெல்லாம் ஓட்டுகிறான். தூக்கம் வராமல் இருக்க முதல் மாத்திரை அங்கே வருகிறது, விடிந்தபின் தூங்க இரண்டாவது வருகிறது.

பணம் முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சீஸ் வாட்டிய ரொட்டி, காய்கறி புரிட்டோ, சாயமிட்ட சட்டை என்று ஏதாவது விற்கத் தொடங்குவார்கள். ஷேக்டவுன் ஸ்ட்ரீட் என்று அவர்கள் அழைக்கும் அந்தக் கடைவரிசையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட நேர்மையான வியாபாரம்தான். ஆனால் ரொட்டி விற்றால் பெட்ரோல் போடலாமே தவிர, அடுத்த மூன்று இரவுக்கு டிக்கெட் வாங்க முடியாது. அந்த இடைவெளியில்தான் ஒருவன் வந்து, "இந்தப் பையை அரைமணி நேரம் வைத்திரு, உன் டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறான். விற்பவர்களைச் சுற்றி எப்போதும் பொருள் இருக்கும், பொருள் இருக்கும் இடத்தில் சும்மா கிடைக்கும், சும்மா கிடைப்பதை வேண்டாம் என்று சொல்ல அந்த வயதில் பலருக்கும் முடிவதில்லை.

ஒருவர் பழக்கத்தில் சிக்கிவிட்டாரா என்று கண்டுகொள்ள எங்களுக்குத் தெரிந்த மிகத் தெளிவான அடையாளம் ஒன்று உண்டு. கச்சேரி கேட்கக் கிளம்பி வந்தவர், கையில் டிக்கெட் இருந்தும் உள்ளே போகாமல் திடலிலேயே நின்றுவிடுவார். முதலில் முதல் செட்டை, அதாவது இடைவேளைக்கு முந்தைய பாதியை, தவறவிடுவார், அப்புறம் முழுக் கச்சேரியையும். கடைசியில் டிக்கெட்டையே விற்றுவிடுவார். உங்கள் வாசல் காவலர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பாட்டு ஒலிக்கும்போது வெளியே தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை.

இனி சிலிண்டர். நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது பல் மருத்துவர் பயன்படுத்தும் சிரிப்பு வாயு. மருத்துவர் அதை ஆக்சிஜனோடு கலந்து கொடுக்கிறார், கலவையில் குறைந்தது 30 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கும். திடலில் விற்கும் பலூனில் ஆக்சிஜன் துளியும் இல்லை. போதை ஒன்றிரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும், இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்பார்கள். வியாபாரமே அந்த ஒன்றிரண்டு நிமிடத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்றில் இருக்கும் 9 கிலோ வாயு வெளியே வந்தால் ஏறக்குறைய 5,000 லிட்டர். பெரிய பலூன் ஒன்றுக்கு 10 லிட்டர் என்று தாராளமாக வைத்தாலும் 500 பலூன் தேறும். பலூன் 10 டாலர் என்றால் ஒரு சிலிண்டருக்கு 5,000 டாலர். ஒரு கும்பல் ஒரே இரவில் பல சிலிண்டர்களை இறக்கும். இவர்கள் இசை கேட்க வந்தவர்கள் இல்லை. சுற்றின் அட்டவணையைப் பார்த்து, ஆள் வைத்து, காவலுக்கு அடியாட்களோடு வருபவர்கள்.

உடம்பில் நடப்பதைச் சொல்கிறோம், உங்கள் முதலுதவிக் குழுவுக்கு இது உதவும். உடனடி ஆபத்துகள் மூன்று. நின்றபடி பலூனை உறிஞ்சி மயங்கித் தார்த்தரையில் தலை அடிபட விழுவது, கண்ணாடி ஏற்றிய காருக்குள் சிலிண்டரைத் திறந்து ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு முட்டிச் சாவது, குழாயில் நேராக வாயை வைத்து உதடும் தொண்டையும் உறைந்து புண்ணாவது. அந்த வாயுவின் கொதிநிலை மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். அழுத்தத்திலிருந்து விடுபட்டு வெளியேறும்போது சதையை உறையவைக்கும் அளவுக்குக் குளிர்ந்துவிடும்.

மெதுவாக வரும் ஆபத்துதான் கொடியது. இந்த வாயு உடம்பில் உள்ள வைட்டமின் பி12-இன் நடுவே இருக்கும் கோபால்ட்டை ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த வைட்டமினைச் செயலிழக்க வைக்கிறது. பி12 இல்லாமல் நரம்புகளின் மேலுறை பழுதாகும். முதலில் இரண்டு பாதங்களிலும் மரத்துப்போன உணர்வு வரும், பிறகு இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டம். கழுத்தைக் குனிந்தால் முதுகுத்தண்டில் மின்சாரம் பாய்வதுபோல் சிலருக்கு இருக்கும். நாள்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர்கள் நடக்கமுடியாமல் சக்கர நாற்காலிக்குப் போயிருக்கிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு, அதிலும் பாலும் தொடாதவர்களுக்கு, பி12 இருப்பு முன்பே குறைவு. இந்தச் சுற்றுகளில் அப்படிச் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். மரக்கறி உணவு மட்டுமே சமைக்கும் நம் தமிழ் வீடுகளிலிருந்து அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மருத்துவமனையில் இரத்தத்தில் பி12 அளவை மட்டும் பார்த்து "சரியாகத்தான் இருக்கிறது" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. இருக்கும் பி12 வேலை செய்கிறதா என்பதே கேள்வி என்பதால், ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் அமிலம் இரண்டையும் பார்க்கச் சொல்லவேண்டும். சிகிச்சை எளிது: வாயுவை அடியோடு நிறுத்திவிட்டு, 1 மில்லிகிராம் பி12 ஊசி, தொடக்கத்தில் தினமும். பி12 கொடுக்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் நரம்புச் சேதம் கூடும். வாரக்கணக்கில் தாமதித்தால் முழுதாகத் திரும்பாது.

இதற்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சிலிண்டர் கனமானது, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவர முடியாது. திடலுக்குள் நுழையும் வேன்களையும் சரக்குப் பெட்டி வண்டிகளையும் மாலையில் பார்ப்பதுபோல், கச்சேரி முடியும் தறுவாயில் வருபவற்றையும் பாருங்கள். கும்பல் பெரும்பாலும் இரண்டாவது செட் நடக்கும்போதுதான் உள்ளே வருகிறது, ஏனென்றால் அப்போது நுழைவாயிலில் ஆள் இருப்பதில்லை. வாயு சீறும் சத்தம் நூறடி தள்ளியும் கேட்கும். ரோந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து போகட்டும். சிலிண்டரைப் பறிமுதல் செய்யுங்கள், பலூன் பிடித்திருக்கும் பிள்ளையை விட்டுவிடுங்கள். பிடிபட்டது பிள்ளையும் தப்பியது சிலிண்டருமாக இருக்கும் இரவுகளே அதிகம். இதைச் சொல்லும்போது எங்களுக்குக் கோபம் வருகிறது.

போலி மாத்திரை விஷயத்தில் நேரம் நிமிடங்களில் ஓடுகிறது. எம்30 என்று அச்சிட்ட நீல மாத்திரை, பதற்றத்துக்கான சனாக்ஸ் மாத்திரை போல வார்த்த பட்டை, எதுவானாலும் தெருவில் வாங்கியதென்றால் உள்ளே மிக வீரியமான வலிமருந்தான ஃபென்டனில் இருக்கலாம் என்றே கொள்ளவேண்டும். பழக்கமில்லாத உடம்புக்கு 2 மில்லிகிராம் உயிரைப் பறிக்கப் போதும் என்று அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்பு சொல்கிறது. உப்புக்கல் சிலவற்றின் எடைதான் அது. கையால் கலந்த மாவில் ஃபென்டனில் ஒரே சீராகப் பரவாது, பணியாரத்தில் முந்திரி ஓரிடத்தில் குவிந்துகொள்வதுபோல் குவியும். ஒரே பையிலிருந்து நண்பனுக்கு ஒன்றும் ஆகாமல் இன்னொருத்திக்கு மூச்சு நிற்பது அதனால்தான்.

ஃபென்டனில் இருக்கிறதா என்று காட்டும் பரிசோதனைப் பட்டைகளை விநியோகிக்க அனுமதியுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அவற்றை வைத்திருப்பது இப்போது குற்றமில்லை. ஆனால் பயன்படுத்தும் முறையைத் தவறாகச் சொல்லிக் கொடுத்தால் பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். மாத்திரையின் ஓரத்தைச் சுரண்டிப் பார்ப்பது போதாது, எடுக்கப்போவது முழுவதையும் பொடித்துக் கரைக்கவேண்டும். 10 மில்லிகிராமுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் தண்ணீர். மெத், எம்.டி.எம்.ஏ. போன்ற போதைப்பொருள்கள் தண்ணீர் குறைந்தால் இல்லாத ஃபென்டனிலை இருப்பதாகக் காட்டும். பட்டையில் ஒரு கோடு வந்தால் ஃபென்டனில் உண்டு, இரண்டு கோடு வந்தால் இல்லை. கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறு என்பதால் பதற்றத்தில் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். ஃபென்டனிலைப் போலவே மூச்சை நிறுத்தக்கூடிய நைட்டஸீன் வகைப் பொருள்களை இந்தப் பட்டை காட்டாது என்பதையும் அட்டையில் எழுதிவையுங்கள்.

ஹெராயினும் ஃபென்டனிலும் நிறுத்திய மூச்சை மீட்கும் மருந்தான நலோக்சோன் 4 மில்லிகிராம் மூக்குத் தெளிப்பான் 2023 மார்ச்சில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்றது. உங்கள் வாசல் சோதனையில் இன்னும் சில இடங்களில் அதைப் பறித்துத் தொட்டியில் போடுகிறார்கள். முதலில் அதை நிறுத்துங்கள். அடுத்ததாக, டிக்கெட் கிழிப்பவர் முதல் குப்பை அள்ளுபவர் வரை ஒவ்வொரு பணிமுறையிலும் இருப்பவர்களுக்கு இதைப் பதினைந்து நிமிடம் சொல்லிக்கொடுங்கள்:

உதடும் நகமும் நீலம் பாரித்து, குறட்டை போன்ற சத்தத்தோடு, தட்டினாலும் மார்பெலும்பின் மேல் முட்டியால் தேய்த்தாலும் விழிக்காதவர் ஓவர்டோஸில் இருக்கிறார் என்று கொள்ளுங்கள். அவசர எண்ணான 911-ஐ அழையுங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, தெளிப்பானின் முனையை ஒரு மூக்குத் துவாரத்தில் முழுதாக நுழைத்து ஒரே அழுத்து. வேலை செய்கிறதா என்று காற்றில் அழுத்திப் பார்க்கக்கூடாது, ஒரு கருவியில் ஒரே ஒரு முறைக்குத்தான் மருந்து. மூச்சு இல்லையென்றால் 5 விநாடிக்கு ஒருமுறை வாய்வழியாக மூச்சு கொடுங்கள். ஓவர்டோஸில் ஆளைக் கொல்வது மூச்சு நிற்பதுதான், தெளிப்பானை அழுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பதால் பயனில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் மற்ற மூக்குத் துவாரத்தில் இரண்டாவது தெளிப்பான். மூச்சு வந்ததும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பனிக்கட்டி, பச்சைத்தண்ணீர், கன்னத்தில் அறை, இவை எதுவும் வேண்டாம்.

எழுந்தவர் வாந்தி எடுப்பார், கோபப்படுவார், "எனக்கு ஒன்றுமில்லை" என்று எழுந்து போகப் பார்ப்பார். போகவிடாதீர்கள். நலோக்சோனின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், அது இறங்கியதும் உள்ளே இருக்கும் பொருள் மறுபடி மூச்சை அமுக்கலாம். ஆளைத் தூங்கவைக்கும் கால்நடை மருந்தான சைலசீன் கலந்திருந்தால் மூச்சு சீரான பிறகும் கண் திறக்கமாட்டார். அப்போது மூச்சைக் கவனிப்பதுதான் வேலை, இன்னும் இன்னும் தெளிக்கத் தேவையில்லை. தெளிப்பான்களை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், 40 டிகிரிக்கு மேல் அவை போகக்கூடாது.

காவல்துறைக்கு ஒரு வார்த்தை. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்.எஸ்.டி. கலந்த பொருள் 1 கிராம் இருந்தால் குறைந்தது 5 ஆண்டு, 10 கிராம் இருந்தால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. அது ஊறிய காகிதத்தின் எடையும் சேரும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சாப்மன் வழக்கில் தீர்ப்பளித்தது. மருந்தைவிடப் பல மடங்கு கனமானது காகிதம். பெரிய வியாபாரி சிறு குப்பியில் கொண்டுபோனதைவிட, காகிதத்தாளில் வைத்திருந்த இருபது வயதுக்காரன் அதிக ஆண்டு உள்ளே இருந்தான். இப்படிச் சிறைபோன டெட்ஹெட்கள், அதாவது கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள், நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். திடலின் போதை அதனால் குறையவில்லை.

சிறிய கைதுகூட உயிரோடு விளையாடுகிறது. ஹெராயின் பழக்கமுள்ளவரை இரண்டு வாரம் உள்ளே வைத்தால், முதல் இரண்டு மூன்று நாள் உடம்பை முறுக்கும் வேதனையை அனுபவித்துவிட்டு, போதையைத் தாங்கும் சக்தி குறைந்த உடம்போடு வெளியே வருகிறார். மனம் மட்டும் பழைய அளவையே நினைக்கிறது. விடுதலையான உடனே அடுத்த ஊருக்குப் போய் அதே அளவை எடுத்தால் சாவு. கைது செய்தே ஆகவேண்டும் என்றால், வெளியே விடும்போது கையில் இரண்டு நலோக்சோன் தெளிப்பான்களைக் கொடுத்து அனுப்புங்கள். உதவிக்கு அழைத்தவரைக் கைது செய்யாமல் காக்கும் நல்லெண்ணச் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. அதைப் பெரிய எழுத்தில் திடலின் விளக்குக் கம்பங்களில் ஒட்டுங்கள். நண்பனை விட்டுவிட்டு ஓடுபவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள்.

ஏற்பாட்டாளர்களே, உங்கள் வழக்குரைஞர்கள் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது எங்களுக்குத் தெரியும். போதைப் பயன்பாட்டுக்கென்றே தெரிந்து இடம் கொடுத்தால் 2,50,000 டாலர் அல்லது மொத்த வருமானத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் என்கிறது அது. அதனால்தான் பட்டையை அனுமதித்தால், நலோக்சோன் மேசை போட்டால், "போதை இருப்பது எங்களுக்குத் தெரியும்" என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று தயங்குகிறீர்கள். அந்தச் சட்டம் தண்ணீர் கொடுப்பதையோ உயிர் காக்கும் மருந்தையோ தடை செய்யவில்லை. மேலும் 1973-இல் கச்சேரி ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் தன் கச்சேரிகளுக்கு ஹெய்ட்-ஆஷ்பரி இலவச மருத்துவமனையின் ஆட்களைக் கூப்பிட்டார், ராக் மெடிசின் என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. எதை எடுத்தாய் என்று கேட்பார்கள், ஏன் எடுத்தாய் என்று கேட்கமாட்டார்கள். அந்த ஒரு ஒழுங்கினால்தான் பிள்ளைகள் உண்மையைச் சொன்னார்கள். உங்கள் தொழிலின் முன்னோடி ஒருவர் காட்டிய வழி இது.

தடை மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 1987-இல் குழுவின் பாட்டு ஒன்று பில்போர்டில் 9-ஆம் இடத்துக்கு வந்தது, டிக்கெட் இல்லாத கூட்டம் பெருகியது. 1989-இல் திடலில் கடை போடவும் கூடாரம் அடிக்கவும் தடை வந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்கள் போனார்கள், சிலிண்டர்காரன் அடுத்த தெருவில் நின்றான். 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டியர் கிரீக்கில் ஆயிரக்கணக்கானோர் வேலியைச் சாய்த்து நுழைந்தார்கள், மறுநாள் கச்சேரி ரத்தானது. குழு தன் ரசிகர்களுக்கே ஒரு கடிதம் எழுதவேண்டி வந்தது. ரொட்டிக் கடைகளை விடுங்கள். அவைதான் திடலின் கண்கள். ராத்திரி ஒரு மணிக்கு யார் எங்கே விழுந்து கிடக்கிறார் என்று முதலில் தெரிவது அடுப்பு வைத்திருப்பவருக்குத்தான்.

இப்போது எங்கள் முக்கியமான வேண்டுகோள். 1980-களின் நடுவில், போதையை விட்ட டெட்ஹெட்கள் சிலர் கச்சேரிகளில் மஞ்சள் பலூன்களைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் தேடிக்கொண்டார்கள். வார்ஃப் ரேட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஃபிஷ் ரசிகர்களிடையே ஃபெல்லோஷிப் என்ற குழு அதே வேலையைச் செய்கிறது. முதல் செட் முடிந்ததும் இடைவேளையில் அந்த மேசையைச் சுற்றிக் கூடுவார்கள். ஒருவர் சில நிமிடம் பேசுவார், இன்றோடு எத்தனை நாள் என்று யாராவது சொல்வார்கள், கைதட்டுவார்கள், அடுத்த செட்டுக்கு உள்ளே போவார்கள். இசையை விட வேண்டியதில்லை, போதையை மட்டும் விடலாம் என்று அந்தப் பிள்ளைக்குக் கண்ணெதிரே காட்டும் ஒரே இடம் அதுதான். ஃபிஷ் குழுவின் ட்ரே அனஸ்டாசியோ 2006 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் கைதாகி, போதை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மீண்டு, 2009-இல் குழுவோடு மேடைக்குத் திரும்பினார். பின்னர் வெர்மான்ட்டின் லட்லோவில் மீட்பு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். மேடையில் இருந்தவர் மீண்டு வந்த அந்தப் பாதை, திடலில் இருப்பவருக்கும் கண்ணில் படவேண்டும்.

ஆனால் அந்த மேசையை எங்கே போடச் சொல்கிறீர்கள்? மேல்தளத்தில், கழிவறைக்கு அப்பால், பீர் விற்கும் கடைக்குப் பக்கத்தில். குடியை விட்டு ஒன்பது நாளான ஒருவர் பீர் வரிசையைக் கடந்துதான் வரவேண்டியிருக்கிறது. முதல் தளத்தில், பிரதான வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், மதுக்கடையிலிருந்து குறைந்தது நூறடி தள்ளிப் போடுங்கள். இடைவேளையில் இருபது பேர் வட்டமாக நிற்க இடம் வேண்டும், நடைபாதையில் நெரிசல் என்று காவலர் கலைத்துவிடக் கூடாது. அதேபோல் இன்னொரு மேசை வெளியே திடலில், கதவு திறக்கும் நேரம் முதல் கடைசி வண்டி போகும்வரை.

உங்கள் முதலுதவிக் கூடாரத்தில், ஹெராயின், ஃபென்டனில் பழக்கத்துக்கான சிகிச்சை மருந்தான ப்யூப்ரெனார்ஃபின் எழுதத் தெரிந்த மருத்துவர் ஒருவர் இருக்கட்டும். அதற்கென இருந்த தனி அனுமதி முறை 2022 டிசம்பர் இறுதியில் நீக்கப்பட்டுவிட்டது, கட்டுப்பாட்டு மருந்து எழுதும் பதிவுள்ள எவரும் எழுதலாம். அதே சிகிச்சைக்கான இன்னொரு மருந்தான மெத்தடோன் எடுப்பவர் தொடக்கத்தில் அடிக்கடி ஒரே மையத்துக்குப் போகவேண்டும், சுற்றில் அது ஒத்துவராது. ப்யூப்ரெனார்ஃபினை இரண்டு வாரத்துக்குச் சேர்த்து எழுதிக் கையில் கொடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: போதை உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் கடும் வேதனையைத் தூண்டிவிடும். வியர்வை, கொட்டாவி, வயிற்றுப் பிசைவு தொடங்கியபின்தான் முதல் வில்லையை நாக்கின் அடியில் வைக்கவேண்டும். ஃபென்டனில் எடுத்தவர்களுக்கு ஒருநாளுக்கு மேலும் காத்திருக்கவேண்டி வரலாம். அவசரப்பட்டு முதல் முறையே துன்பப்பட்டவர் இரண்டாம் முறை அந்த மருந்தின் பக்கமே வரமாட்டார்.

கடைசியாக, சுற்றின் இறுதி இரவு. குழு வீட்டுக்குப் போய்விடும். வண்டி பழுதாகி, பணம் தீர்ந்து, நண்பர்கள் பிரிந்து, தெரியாத ஊரில் சில பிள்ளைகள் மிஞ்சுவார்கள். அடுத்த சுற்றுக்கு மாதக்கணக்கு இருக்கும். சுற்றில் வாரம் ஒருமுறை எடுத்தவர் தினமும் எடுக்கத் தொடங்குவது இந்த இடைவெளியில்தான். கடைசிக் கச்சேரியின் கணக்கில் ஊர் திரும்பும் பேருந்துச் சீட்டுகளுக்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள். பெயர் மட்டும் கேட்டு, காரணம் கேட்காமல் கொடுங்கள். சீட்டின் பின்பக்கத்தில் 1-800-662-4357 என்ற எண்ணை அச்சிடுங்கள். அரசின் இலவச உதவி எண் அது, இரவும் பகலும் எடுப்பார்கள், போகும் ஊரில் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று சொல்வார்கள்.

அடுத்த சுற்றின் அரங்க ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுமுன் மேசைக்கான இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள். ஆறடி மேசையும் பலூன்களும் நாங்கள் கொண்டுவருகிறோம். திடலில் உள்ள மேசைக்கு ஒரு விளக்கு மட்டும் வேண்டும், அதைக் கச்சேரி முடிந்ததும் அணைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மஞ்சள் பலூன் மேசைகளிலும் முதலுதவிக் கூடாரங்களிலும் வேலை செய்யும் தன்னார்வலர்கள்
(பெயர் போடாமல் இருப்பது எங்கள் வழக்கம்)